சீனாவில் வெளிநாட்டவரின் வங்கிக் கணக்கு: சிம் அட்டை முதல் ஊருக்குப் பணம் அனுப்புவது வரை

வேலைக்கோ படிப்புக்கோ சீனாவுக்கு வந்து, ஓராண்டாவது தங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாக வந்தவர்களுக்குத் துணையாக வங்கிக்குச் சென்ற நாள்களில் நான் கண்டது ஒன்றுதான்: அவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்பியது சீன மொழி தெரியாமை அன்று, ஒரு தாளை மறந்ததும் ஒரு வேலையை முந்திச் செய்ததுமே.

அங்கே வங்கி, தொலைபேசி நிறுவனம், வரித்துறை, செய்தி அனுப்பவும் பணம் செலுத்தவும் பயன்படும் வீசாட் செயலி ஆகிய நான்கும் உங்களை மூன்று விவரங்களைக் கொண்டே அடையாளம் காண்கின்றன: பெயர், கடவுச்சீட்டு எண், கைபேசி எண். இம்மூன்றும் எல்லா இடத்திலும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருந்தால் அடுத்த படிகள் எளிது. ஒன்று பிசகினாலும் 'தகவல் பொருந்தவில்லை' என்ற ஒரே வரிதான் திரையில் வரும்; பிசகியது எது என்பதை எந்தத் திரையும் சொல்லாது. கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி இந்த ஒரு தொல்லையைத் தவிர்ப்பதற்கானது.

1. முதல் மாதத்தில் எதற்கு முன் எது

விடுதியில் தங்கும்வரை காவல்துறைப் பதிவை விடுதியே செய்துவிடும். வாடகை வீட்டுக்குக் குடிபோனால், 24 மணி நேரத்துக்குள் அப்பகுதிக் காவல் நிலையத்தில் தங்குமிடப் பதிவு செய்து, அதற்கான தாளை வாங்கிக்கொள்ள வேண்டும். பல நகரங்களில் இதைக் கைபேசி வழியாகவே முடித்துவிடலாம். வசிப்பிட அனுமதிக்கு இத்தாள் கட்டாயம் வேண்டும், சில வங்கிக் கிளைகளும் கேட்கும் என்பதால் இதுவே முதல் படி.

இரண்டாவது சிம் அட்டை. சைனா மொபைல், சைனா யூனிகாம், சைனா டெலிகாம் ஆகிய மூன்றில் எதுவாயினும், அந்த நிறுவனத்தின் சொந்தச் சேவை மையத்துக்கு நேரில் சென்று, உங்கள் கடவுச்சீட்டைக் காட்டி, உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். அலுவலகம் தரும் சிம்மும் நண்பர் இரவல் தரும் சிம்மும் வங்கிக்கு உதவாது. அந்த எண் யார் பெயரில் உள்ளது என்பதை வங்கி சரிபார்க்கும்.

மூன்றாவது வசிப்பிட அனுமதி. வேலை விசாவில் வந்தவர் நாட்டுக்குள் நுழைந்த 30 நாளுக்குள் இதற்கு விண்ணப்பிக்க வேண்டும். குடிநுழைவு அலுவலகம் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஓர் இரசீதைக் கொடுக்கும்; கடவுச்சீட்டு திரும்பி வர 15 வேலை நாள் வரை ஆகலாம். அந்த இரசீதை வைத்துக்கொண்டு சிம் வாங்குவதும் வங்கிக் கணக்கு திறப்பதும் பெரும்பாலும் நடக்காது. ஆகவேதான் சிம் முதலில் வர வேண்டும் என்கிறேன். வந்த இரண்டாம் நாளே ஆர்வத்தில் கடவுச்சீட்டைக் கொடுத்துவிட்டு, மூன்று வாரம் தொலைபேசி எண்ணே இல்லாமல் அலுவலக வைஃபையை நம்பி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான்காவதுதான் வங்கி. விசாவை மட்டும் காட்டிக் கணக்கு திறக்க இசையும் கிளைகளும் உண்டு. ஆனால் குறுகிய கால விசாவின் பேரில் திறந்தால், வசிப்பிட அனுமதி கிடைத்ததும் மறுபடியும் போய் விவரங்களைப் புதுப்பிக்க நேரிடும். சம்பள நாள் நெருங்கிவிட்டதென்றால் ஒழிய, அனுமதி ஒட்டப்பட்ட கடவுச்சீட்டு கைக்கு வந்த பிறகு செல்வதே நல்லது.

2. கணக்கு வரும்வரை சமாளிக்க

இடைப்பட்ட வாரங்களில், ஊர் வங்கியின் விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை அலிபே என்ற பணம் செலுத்தும் செயலியிலோ வீசாட்டிலோ இணைத்து, கடைகளில் கியூஆர் குறியீட்டின் வழியே செலுத்தலாம். இந்தியாவில் இவ்விரு செயலிகளும் 2020இல் தடைசெய்யப்பட்டவை என்பதால், அங்கிருந்து வருபவர்கள் சீனாவில் இறங்கியதும் இணைக்க வேண்டும்; மற்ற நாடுகளிலிருந்து வருபவர்கள் விமானம் ஏறும் முன்பே முடித்துவிடலாம். அட்டையைச் சரிபார்க்கும் ஓடிபி ஊர் எண்ணுக்குத்தான் வரும். இந்திய அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பொதுவாக மூடியே இருக்கும். அதை வங்கிச் செயலியில் திறந்துவிட்டு, ஊர் சிம்முக்கு வெளிநாட்டிலும் குறுஞ்செய்தி வருமாறு ரோமிங்கை இயக்கி வையுங்கள்.

வெளிநாட்டு அட்டை வழியாக 200 யுவானுக்கு உட்பட்ட தொகையைச் செலுத்தினால் கட்டணம் இல்லை, அதைத் தாண்டினால் 3 விழுக்காடு. 2024 முதல் ஒரு முறைக்கு 5,000 டாலர், ஆண்டுக்கு 50,000 டாலர் என்பது உச்சவரம்பு. இதில் சறுக்குமிடம் வேறொன்று: இந்த வழியில் கடைகளுக்குச் செலுத்தலாமே தவிர, தனி மனிதருக்குப் பணம் அனுப்ப முடியாது. வீட்டு உரிமையாளர் தன் சொந்த வீசாட்டுக்கு முன்பணத்தை அனுப்பச் சொல்வார், அது போகாது. முதல் மாத வாடகைக்கும் முன்பணத்துக்கும் ஏடிஎம்மில் ரொக்கம் எடுக்கவோ, தரகு அலுவலகத்தின் கடைக் குறியீட்டில் செலுத்தவோ முன்கூட்டியே பேசி வையுங்கள்.

3. உங்கள் பெயர் எது என்று முடிவு செய்யுங்கள்

இந்தப் படியை யாரும் ஒரு படியாக எண்ணுவதில்லை. தமிழர்களாகிய நமக்கு மற்றவர்களைவிட இது கூடுதலாகவே தேவை.

நம் கடவுச்சீட்டுகளில் பெயர் மூன்று விதமாக அமைந்திருக்கிறது. சிலருக்குத் தந்தை பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருக்கும். சிலருக்கு அக்கட்டம் வெறுமையாக இருந்து, இரு பெயர்களும் இடப்பட்ட பெயர்க் கட்டத்தில் சேர்ந்திருக்கும். இன்னும் சிலருக்கு ஒற்றைப் பெயர் மட்டுமே இருக்கும். செந்தில்குமார் என்பது இடப்பட்ட பெயர், ராமசாமி என்பது குடும்பப் பெயர் என்று வைத்துக்கொண்டால், ஓர் அலுவலகம் 'ராமசாமி செந்தில்குமார்' என்றும், இன்னொன்று 'செந்தில்குமார் ராமசாமி' என்றும், மூன்றாவது ஒன்று இடைவெளியே விடாமல் ஒரே சொல்லாகவும் பதிவு செய்யும். மனிதருக்கு மூன்றும் ஒருவரே. கணினிக்கு மூன்று ஆள்கள்.

கடவுச்சீட்டின் படமுள்ள பக்கத்தில், அடியில் அம்புக்குறிகள் நிறைந்த இரண்டு வரிகள் இருக்கும். வங்கியின் வருடி படிப்பது அவற்றைத்தான். அங்கே குடும்பப் பெயர் முதலிலும் இடப்பட்ட பெயர் பிறகும் வரும். பெயருக்கு அந்த வரியில் 39 இடங்கள் மட்டுமே உண்டு என்பதால், மிக நீண்ட பெயர்கள் அங்கே வெட்டுப்படுவதும் உண்டு. எழுத்தர் கையால் தட்டச்சு செய்வதாக இருந்தாலும், அந்த வரியின் வரிசையையே பின்பற்றச் சொல்லி அதைச் சுட்டிக் காட்டுங்கள். அந்த வடிவத்தை, முழுவதும் பெரிய எழுத்தில், இடைவெளிகளோடு ஒரு தாளில் அச்சிட்டுக்கொண்டு சிம் வாங்கும் இடம், பணியாளர் அனுமதி, வங்கி, வரி அலுவலகம் என்று எல்லா இடத்திலும் அதே தாளை நீட்டுங்கள். மூன்று விவரங்களில் பிற்பாடு சரிசெய்யக் கடினமானது பெயர்தான். பணியாளர் அனுமதியில் ஒரு வடிவமும் வங்கியில் இன்னொன்றும் ஏறிவிட்டால், சம்பளப் பட்டியலில் உங்கள் பெயர் நிராகரிக்கப்பட்டு, பணம் நிறுவனத்துக்கே திரும்பிப் போகும்.

கையெழுத்துக்கும் இதே விதிதான். கடவுச்சீட்டில் தமிழில் கையெழுத்திட்டிருந்தால் வங்கியிலும் தமிழிலேயே இடுங்கள். எழுத்தர் சற்று வியந்து பார்ப்பார், அவ்வளவே.

4. வங்கியும் கிளையும், பையில் இருக்க வேண்டியவையும்

ஐசிபிசி, பேங்க் ஆஃப் சைனா, சைனா கன்ஸ்ட்ரக்ஷன் பேங்க், அக்ரிகல்ச்சுரல் பேங்க் ஆஃப் சைனா ஆகிய நான்கும் பெரிய அரசு வங்கிகள். சைனா மெர்ச்சன்ட்ஸ் பேங்க்கின் செயலியை வெளிநாட்டவர் பலர் விரும்புகிறார்கள். முதல் கணக்கை உங்கள் நிறுவனமோ பல்கலைக்கழகமோ சம்பளமும் உதவித்தொகையும் செலுத்தும் வங்கியிலேயே திறங்கள். நிறுவனத்தின் பெயரைச் சொன்னதும் 'எதற்குக் கணக்கு' என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடுவதால், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

எந்த வங்கி என்பதைவிட எந்தக் கிளை என்பது முக்கியம். வீட்டுக்கு அருகில் உள்ள சிறு கிளைகளில் பல அந்நியச் செலாவணி வேலைகளைச் செய்வதில்லை. வெளிநாட்டவர் அதிகம் வரும் வட்டாரத்திலுள்ள பெரிய கிளைக்குச் சென்றால், எழுத்தர் கடவுச்சீட்டை முன்பே கையாண்டிருப்பார், பிற்பாடு ஊருக்குப் பணம் அனுப்புவதற்கும் அதே இடம் பயன்படும்.

பையில் இவை இருக்கட்டும்: வசிப்பிட அனுமதி ஒட்டிய மூலக் கடவுச்சீட்டு, தங்குமிடப் பதிவுத் தாள், நிறுவனத்தின் சிவப்பு முத்திரை பதிந்த வேலை ஒப்பந்தம் அல்லது பல்கலைக்கழகக் கடிதம், வீட்டு முகவரியும் நிறுவனத்தின் பெயரும் சீன எழுத்தில் எழுதிய தாள், உங்கள் சிம் போட்ட, முழுதாக மின்னேற்றிய கைபேசி, கணக்கில் போட 100 யுவான் ரொக்கம். அங்கே கையெழுத்தைவிடச் சிவப்பு முத்திரைக்கே மதிப்பு, முத்திரையில்லாத ஒப்பந்தத்தைப் புரட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

பலர் மறப்பது சொந்த நாட்டு வரி அடையாள எண்ணை. 2017 ஜூலை முதல், புதுக் கணக்கு திறப்பவர் எந்த நாட்டின் வரிக் குடியிருப்பாளர் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தியர்கள் பான் எண்ணை எழுத வேண்டும்.

5. கவுண்டரில் நடப்பது

வேலை நாளில், காலை ஒன்பது மணி வாக்கில், வரிசை சேரும் முன் செல்லுங்கள். பல கிளைகள் வார இறுதியிலும் திறந்திருக்கும், ஆனால் வெளிநாட்டவர் விவகாரம் தெரிந்த ஊழியர் அன்று இருப்பார் என்று நம்ப முடியாது. இரண்டு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள்.

உள்ளே நுழைந்ததும் டோக்கன் இயந்திரத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம், அது சீன அடையாள அட்டையைக் கேட்கும். அருகில் நிற்கும், வங்கிக் கூடத்தின் மேலாளரிடம் கடவுச்சீட்டைக் காட்டி 'கைஹு' என்று சொன்னால் போதும், கணக்கு திறக்க வந்திருக்கிறீர்கள் என்று புரிந்து டோக்கன் எடுத்துக் கொடுப்பார். கூடத்தில் வரிசையாக நிற்கும் தானியங்கி இயந்திரங்களும் பெரும்பாலும் கடவுச்சீட்டை ஏற்பதில்லை. உங்கள் வேலை கண்ணாடிக்குப் பின்னால் உள்ள மனிதரிடம்தான்.

எழுத்தர் மூன்று கேள்விகளைக் கேட்பார்: எதற்குக் கணக்கு, எங்கே வேலை, எங்கே வீடு. சம்பளத்துக்கு என்றால் சம்பளத்துக்கு என்று மட்டும் சொல்லுங்கள். 'கொஞ்சம் வியாபாரமும் உண்டு' என்று பேச்சுவாக்கில் சொன்னவரின் விண்ணப்பம் அங்கேயே நின்றுபோனது எனக்குத் தெரியும். தனிநபர் கணக்கை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. மோசடிக் கணக்குகளுக்கு எதிராக 2020 அக்டோபரில் தொடங்கிய நடவடிக்கையும், 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த தொலைத்தொடர்பு மோசடி ஒழிப்புச் சட்டமும் எழுத்தரைத் தேவைக்கு மேலேயே கவனமாக இருக்கச் செய்திருக்கின்றன.

கணக்கின் வகையை நீங்களாகவே கேளுங்கள். தனிநபர் கணக்குகள் மூன்று வகை. முதல் வகையில் எல்லாப் பணிகளும் உண்டு, ஆனால் ஒருவருக்கு ஒரு வங்கியில் ஒன்றே ஒன்றுதான். இரண்டாம் வகைக்கு நாளுக்கு 10,000 யுவான், ஆண்டுக்கு 2,00,000 யுவான் என்ற கட்டு உண்டு. மூன்றாம் வகையில் 2,000 யுவானுக்கு மேல் இருப்பே வைக்க முடியாது. சம்பளம் வருவதற்கும் ஊருக்கு அனுப்புவதற்கும் முதல் வகையே வேண்டும்.

பிறகு கண்ணாடிக்கு முன்னாலுள்ள சிறு விசைப்பலகை ஒலியெழுப்பும். 'மீமா' என்ற சொல் காதில் விழும், அது கடவுச்சொல். ஆறு இலக்கங்களை இட்டு, உறுதிப்படுத்தும் பச்சை விசையை அழுத்தி, மறுபடியும் ஒருமுறை இட வேண்டும். நம் ஊரின் நான்கு இலக்கப் பின் நினைவில் நான்கோடு நிறுத்திவிட்டுக் காத்திருப்பவர்கள் பலர், எழுத்தரும் எதிர்ப்புறம் காத்திருப்பார். பிறந்த நாளையும் அடுக்கான எண்களையும் அந்த அமைப்பே ஏற்காமல் போகலாம் என்பதால், ஆறு இலக்கத்தை வீட்டிலேயே தீர்மானித்துக்கொண்டு செல்லுங்கள். கைபேசிச் செயலியின் கடவுச்சொல் வேறு, வீசாட்டின் செலுத்து எண் வேறு. மூன்றையும் ஒன்றாக வைக்காதீர்கள்.

எழுந்திருக்கும் முன் நான்கு சேவைகளைக் கேட்டு வாங்குங்கள். முதலாவது கைபேசி வங்கிச் சேவை. வெளிநாட்டவர் பலருக்கு இதைக் கவுண்டரில்தான் இயக்க முடியும். இரண்டாவது குறுஞ்செய்தி அறிவிப்பு. மூன்றாவது, பெரிய தொகை அனுப்பத் தேவைப்படும் யூஎஸ்பி பாதுகாப்புச் சாவி, அதாவது 'யூ கேடயம்'. நான்காவது அன்றாடப் பரிமாற்ற வரம்பு. புதுக் கணக்குக்கு இதை மிகத் தாழ்வாக வைப்பார்கள், முதல் மாத வாடகையை அனுப்பும்போதுதான் அது தெரியவரும். வேலை ஒப்பந்தத்தையும் வாடகை ஒப்பந்தத்தையும் காட்டி அன்றே உயர்த்தக் கேளுங்கள், முழுதாகக் கிடைக்காவிட்டாலும் எப்போது மறுபடியும் கேட்கலாம் என்று சொல்வார்கள். ஒரு வங்கியில் ஒரு கணக்குக்கு ஆண்டுக் கட்டணமும் பராமரிப்புக் கட்டணமும் விலக்கு பெறலாம், அதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

6. கிளையை விட்டு வெளியேறும் முன்

கையில் வரும் இரசீதை அங்கேயே நின்று படியுங்கள். பெயரின் ஒவ்வோர் எழுத்தும் இடைவெளியும், கடவுச்சீட்டு எண்ணில் பூஜ்யமும் ஓ என்ற எழுத்தும் இடம் மாறாமல் இருக்கிறதா என்பதும், கைபேசி எண்ணும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். எழுத்தர் கணினியைத் திறந்து வைத்திருக்கும்போது திருத்த இரண்டு நிமிடம். மறுநாள் வந்தால் மறுபடியும் டோக்கன், மறுபடியும் முழு விளக்கம்.

அடுத்து, கூடத்திலேயே அமர்ந்து செயலியில் நுழைந்து பாருங்கள். வாசலிலுள்ள இயந்திரத்தில் 100 யுவானைப் போட்டு, குறுஞ்செய்தி வருகிறதா என்று சோதியுங்கள். வரவில்லையென்றால் கைபேசி எண் பதிவானதில் பிழை என்று அப்போதே தெரிந்துவிடும்.

7. சீன அட்டையை வீசாட்டிலும் அலிபேயிலும் இணைத்தல்

இணைக்கும்போது பெயர், ஆவண எண், அட்டை எண், வங்கியில் பதிந்த கைபேசி எண் ஆகிய நான்கும் ஒத்துப்போக வேண்டும். ஆவண வகையில் முன்னிருப்பாகச் சீன அடையாள அட்டை தேர்வாகியிருக்கும். அதைக் கடவுச்சீட்டு என்று மாற்ற மறப்பது முதல் தவறு. பெயரைக் கடவுச்சீட்டைப் பார்த்து எழுதாமல், வங்கி இரசீதில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள், ஏனெனில் வீசாட் கேட்டுச் சரிபார்ப்பது வங்கியின் பதிவேட்டைத்தான்.

பொருந்தவில்லை என்று வந்தால் மனம்போனபடி மாற்றி மாற்றி முயலாதீர்கள், சில தடவைக்குப் பின் அன்றைக்குப் பூட்டிவிடும். இடைவெளியோடு ஒருமுறை, இடைவெளி இல்லாமல் ஒருமுறை, அதுவும் போகாவிட்டால் வங்கியில் பதிவான வடிவத்தை அச்சிட்டுத் தரக் கேளுங்கள்.

முன்பு வெளிநாட்டு அட்டையோடு திறந்த அதே வீசாட் கணக்கிலேயே இதையும் சேருங்கள்; இரண்டாவது கணக்கு திறந்தால், ஒரே கடவுச்சீட்டு இரண்டு இடத்தில் இருப்பதாகச் சிக்கல் வரும். சீன அட்டை சேர்ந்த பிறகு தனி மனிதருக்குப் பணம் அனுப்பலாம், வாடகை கொடுக்கலாம், அன்பளிப்புப் பணமான சிவப்புறையும் அனுப்பலாம். பணப்பையில் சேரும் தொகையை வங்கிக்கு எடுக்கும்போது, வீசாட்டில் வாழ்நாளுக்கு 1,000 யுவான் வரையும் அலிபேயில் 20,000 யுவான் வரையும் இலவசம், அதற்குப் பின் 0.1 விழுக்காடு. எடுப்பதைவிட அங்கேயே செலவழிப்பது மேல்.

8. ஏடிஎம்

நாளுக்கு 20,000 யுவான் வரை எடுக்கலாம். இயந்திரம் பெரும்பாலும் 100 யுவான் தாள்களையே தரும், ஏற்பதும் அவற்றையே. பல இயந்திரங்கள் பணத்தை முதலில் தந்துவிட்டு அட்டையைப் பிறகு, அதுவும் கேட்டால்தான், திருப்பித் தரும். பணத்தை எடுத்ததும் திரும்பி நடந்துவிடாதீர்கள். பின் எண்ணை மூன்று முறை தவறாக இட்டால் அட்டை பூட்டிக்கொள்ளும், திறக்கக் கடவுச்சீட்டோடு கவுண்டருக்குத்தான் போக வேண்டும்.

9. சம்பளத்தை ஊருக்கு அனுப்புதல்

சீனக் குடிமக்களுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர் என்ற வரம்பு உண்டு என்று கேள்விப்பட்டு, தங்களுக்கும் அதுவே என்று எண்ணிக்கொள்கிறவர்கள் உண்டு. சீனாவில் சட்டப்படி ஈட்டி, வரி கட்டிய சம்பளத்தை வெளிநாட்டவர் அந்நியச் செலாவணியாக மாற்றி அனுப்புவது ஆவணங்களைப் பொறுத்தது. எவ்வளவு வருமானத்துக்கு ஆவணம் காட்டுகிறீர்களோ அவ்வளவு அனுப்பலாம். ஆவணம் இல்லாமல் அடையாளச் சான்றை மட்டும் காட்டி மாற்றிக்கொள்ளக்கூடியது நாளுக்கு 500 டாலருக்கு ஈடான தொகைதான்.

ஆகவே முதல் சம்பளத்தன்றே வரித்துறையின் தனிநபர் வருமானவரிச் செயலியில் பதிவு செய்துகொள்ளுங்கள். கைபேசியில் பதிவு ஆகாவிட்டால், கடவுச்சீட்டோடு வரி அலுவலகத்துக்கு ஒருமுறை சென்று பதிவுக் குறியீடு வாங்கிவர வேண்டும். அதன்பின் மின்முத்திரை கொண்ட வரி செலுத்திய பதிவை எத்தனை முறை வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். நிறுவனம் உங்கள் பெயரில் உண்மையிலேயே வரி கட்டுகிறதா, எந்தத் தொகையைச் சம்பளமாகக் காட்டுகிறது என்பதும் அதில் தெரியும். சம்பளத்தின் ஒரு பகுதியை வேறு வழியில் கொடுக்கும் நிறுவனத்தில் சேர்ந்தவர்கள் முதல் அதிர்ச்சி அடைவது இந்தத் திரையில்தான்: காட்டப்படாத பகுதியை வங்கி வழியே அனுப்ப முடியாது.

வங்கிக்குக் கொண்டுபோக வேண்டியவை: கடவுச்சீட்டு, வேலை ஒப்பந்தம், வரிப் பதிவு, சம்பளம் வந்த கணக்கின் பரிமாற்றப் பட்டியல். கடைசியில் உள்ளதை அங்கே 'லியூஷுயி' என்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நகல் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தர் வரிப் பதிவிலுள்ள வருமானத்தைக் கூட்டி, வரியைக் கழித்து, ஏற்கெனவே அனுப்பியதையும் கழித்து, மீதி எவ்வளவு என்று தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்வார். இந்தக் கணக்கை நீங்களே வீட்டில் போட்டு எடுத்துச் சென்றால் நேரம் மிச்சமாகும், மாதாமாதம் அனுப்பாமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பினால் அலைச்சலும் கட்டணமும் குறையும். முதல் முறை நேரில் செய்து முடித்த பிறகு, செயலி வழியாகவே அனுப்ப இடம் தரும் வங்கிகளும் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

யுவானை முதலில் டாலராக மாற்றி, பிறகு அனுப்புவார்கள். விலைப்பலகையில் 100 டாலருக்கு இத்தனை யுவான் என்று போட்டிருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது வங்கி விற்கும் விலை. படிவத்தில் பெறுபவரின் பெயர், முகவரி, கணக்கு எண், அவர் வங்கியின் பெயர், பன்னாட்டுப் பணப் பரிமாற்றத்தில் அவ்வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் குறியீடு ஆகியவற்றை நிரப்ப வேண்டும். இந்திய வங்கிகளுக்கு ஐஎஃப்எஸ்சி எண்ணைக் குறிப்புக் கட்டத்தில் எழுதுவது நல்லது. கிளைக்கென்று தனி ஸ்விஃப்ட் குறியீடு இல்லாவிட்டால், அந்த வங்கியின் அந்நியச் செலாவணி மையத்தின் குறியீட்டை ஊர்க் கிளையில் கேட்டு வாங்கி வைத்திருங்கள். கட்டணத்தை யார் ஏற்பது என்ற கட்டத்தில் 'பகிர்ந்துகொள்வது' என்று குறித்தால், இடைநிலை வங்கி வழியிலேயே சில டாலரைக் கழித்துக்கொள்ளும். கல்லூரிக் கட்டணம்போல் முழுத்தொகை போய்ச் சேர வேண்டுமானால் 'அனுப்புபவர் ஏற்பது' என்று குறியுங்கள். இந்தியாவில் வெளிநாடுவாழ் இந்தியர் கணக்கு வைத்திருப்பவர்கள் அதற்கே அனுப்புவது பின்னாளில் கணக்குக் காட்ட எளிது.

குறுக்குவழி ஒன்றைக் குழுக்களில் சொல்வார்கள்: 'இங்கே எனக்கு யுவான் கொடுங்கள், ஊரில் உங்கள் வீட்டில் ரூபாய் கொடுத்துவிடுகிறோம்', அல்லது இதற்கு நேர்மாறாக. தனியார் செலாவணி மாற்றம் சட்டவிரோதம் என்பது ஒருபுறமிருக்க, உங்கள் கணக்குக்கு வரும் யுவான் யாரோ ஏமாந்தவரின் பணமாக இருந்தால், எங்கோ வேறொரு மாகாணத்தின் காவல்துறை உங்கள் கணக்கை முடக்கும். அந்த முடக்கம் ஆறு மாதம் வரை நிற்கலாம், நீட்டிக்கவும் படலாம். சம்பளம் உள்ளே விழும், வெளியே எடுக்க முடியாது. அப்படி நேர்ந்தால் வங்கியிடம் சண்டையிட்டுப் பயனில்லை. முடக்கிய காவல் அலுவலகத்தின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் கேட்டு வாங்கி, பணம் எதற்காக வந்தது என்பதற்கான சான்றுகளோடு அவர்களைத்தான் அணுக வேண்டும். உங்கள் அட்டையைப் பிறருக்கு இரவல் கொடுப்பதும் இதே குழியில்தான் முடியும்.

10. ஊரிலிருந்து பணம் வரும்போது

வெளியிலிருந்து டாலராக வரும் தொகை டாலராகவே கணக்கில் நிற்கும். நீங்கள் யுவானாக மாற்றிய பிறகே செலவழிக்க முடியும். இதற்கு வெளிநாட்டவருக்கும் ஆண்டுக்கு 50,000 டாலர் வரம்பு உண்டு, அதற்கு மேல் மாற்றப் படிப்புக் கட்டணம், வாடகை போன்ற செலவுக்கான தாள்கள் வேண்டும். கையில் கொண்டுவந்த டாலர் தாள்களை வங்கி வேறு விதமாக வகைப்படுத்தி, குறைந்த விலையில் வாங்கும். அனுப்பப்பட்ட டாலருக்கே நல்ல விலை கிடைக்கும்.

11. விவரம் மாறும்போது

கைபேசி எண்ணை மாற்றுவதாக இருந்தால், பழைய எண் உயிரோடு இருக்கும்போதே வங்கியில் புது எண்ணைப் பதிந்து, பிறகு வீசாட், அலிபே, வரிச் செயலி ஆகியவற்றில் மாற்றி, கடைசியில் பழைய எண்ணைக் கைவிடுங்கள். வரிசையைத் தலைகீழாக்கினால், உறுதிப்படுத்தும் குறியீடு, உங்களிடம் இப்போது இல்லாத பழைய எண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கும். சில மாதம் கழித்து அதே எண் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டும் விடும்.

கடவுச்சீட்டைப் புதுப்பித்தால் எண்ணே மாறிவிடுகிறது. முதலில் பத்து நாளுக்குள் குடிநுழைவு அலுவலகத்தில் வசிப்பிட அனுமதியைப் புதியதற்கு மாற்ற விண்ணப்பியுங்கள், அதன்பின் சிம் நிறுவனம், பிறகு வங்கி, கடைசியாகச் செயலிகள். ஓரம் வெட்டப்பட்ட பழைய கடவுச்சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். இருவரும் ஒருவரே என்று வங்கி நம்புவது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான். இந்தியக் கடவுச்சீட்டின் கடைசிப் பக்கத்தில் பழைய எண் அச்சாகியிருப்பதையும் எழுத்தருக்குச் சுட்டிக் காட்டுங்கள்.

வங்கி உங்கள் பதிவில் வைத்திருக்கும் காலாவதித் தேதி கடவுச்சீட்டினுடையதாகவும் இருக்கலாம், வசிப்பிட அனுமதியினுடையதாகவும் இருக்கலாம். அந்தத் தேதி கடந்தால் வங்கி சொல்லாமல் கொள்ளாமல் கணக்கின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்திவிடும். எந்தத் தேதி என்று கணக்கு திறந்த அன்றே கேட்டு, அதற்கு ஒரு மாதம் முன்னதாக நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

காவல்துறையின் மோசடித் தடுப்புப் பிரிவு 96110 என்ற எண்ணிலிருந்து அழைத்தால் எடுத்துப் பேசுங்கள். வங்கி செவிசாய்க்காத குறைகளை, வங்கிகளை மேற்பார்க்கும் தேசிய நிதி ஒழுங்குமுறை நிர்வாகத்தின் நுகர்வோர் எண்ணான 12378இல் சொல்லலாம்.

12. நாட்டை விட்டுக் கிளம்பும்போது

கணக்கை மூடுவது கடைசி வாரத்தின் வேலை அன்று, எல்லாத் தொகையும் வந்து சேர்ந்த பிறகான வேலை. இறுதிச் சம்பளம், வீட்டு முன்பணம், வருமானவரியில் திரும்ப வரவேண்டியது, விண்ணப்பித்துப் பெறக்கூடிய ஓய்வூதியத் தனிக்கணக்கின் இருப்பு ஆகிய நான்கும் உங்கள் சீனக் கணக்குக்கே வரும். இவற்றில் கடைசி இரண்டும் நாள் எடுப்பவை; வேலை முடிந்த அன்றே நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிடம் அவற்றுக்கான தாள்களைக் கேளுங்கள்.

எல்லாம் வந்ததும் வரிப் பதிவைக் காட்டி மீதியை ஊருக்கு அனுப்புங்கள். கையில் எடுத்துச் செல்வதாக இருந்தால் 20,000 யுவானும், வெளிநாட்டுப் பணத்தில் 5,000 டாலருக்கு ஈடானதும்தான் அனுமதியின்றிக் கொண்டுபோகக்கூடிய அளவு. பிறகு வீசாட், அலிபேயிலிருந்து அட்டையைப் பிரித்து, பணப்பையில் எஞ்சியதைச் செலவழித்துவிட்டு, வங்கியில் கணக்கை மூடுங்கள். எழுத்தர் அட்டையின் ஓரத்தைக் கத்தரித்துவிட்டு, மூடியதற்கான சீட்டைத் தருவார். சிம் அட்டையை அதற்குப் பிறகே ஒப்படையுங்கள், கணக்கை மூடும் குறியீடும் அந்த எண்ணுக்குத்தான் வரும்.